திரும்பவும் தூத்துக்குடி

வியாழன், ஜூலை 25, 2024

முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கினோம், நானும் மகளும். தொண்ணூறுகளின் கடைசியில் இந்த ஊரில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக்கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கேதான் குடித்தனம் வைத்து, மகள் பிறந்து, அவள் நடக்கப் பழகிய பிறகு சென்னைக்குக் கிளம்பினோம். அதற்கப்புறம் வரவே வாய்க்கவில்லை. திருச்செந்தூர் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததெல்லாம் வந்ததாகக் கணக்கில்லை. மனைவியையும் கூப்பிட்டுப் பார்த்தேன். "அந்தத் தண்ணியோட மறுபடி மல்லுக்கட்ட என்னால ஆகாது, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே குடியிருந்தவர்கள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் தண்ணீரில் வந்து நிற்பார்கள்.

மணியாச்சியில் வண்டி நின்றபோது மகளை எழுப்பினேன். பெயர்ப்பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, யாரு வாஞ்சி என்று கேட்டாள். 1911 ஜூன் 17-ஆம் தேதி இந்த ஸ்டேஷனில் ரயிலில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட கதையைச் சொன்னேன். அந்த ஆஷ் அதற்குச் சில வருடம் முன்பு தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து வ.உ.சி.யின் கப்பல் கம்பெனிக்குக் குடைச்சல் கொடுத்தவர் என்று தொடர்ந்தால், அவள் பாதியிலேயே மறுபடி தூங்கிவிட்டாள். சரி, ரெண்டு நாளில் தானே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. ஜூலையில் இந்த ஊருக்கு வந்ததில்லையென்றால் இந்தக் காற்றைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டுக் காய்ந்த காற்றாக வந்து, மண்ணையும் வாரிக்கொண்டு கடலுக்குப் போகும். மேற்கே கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுற்றுவது இந்தக் காற்றில்தான். இங்கே உப்பு விளைவதும் இதே காற்றில்தான். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் ரெண்டு கிளிப்பாவது மாட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த தெருவில் போய்த் தேட வேண்டியிருக்கும்.

லாட்ஜில் குளிக்கும்போதே ஊர் நினைவுக்கு வந்துவிட்டது. சோப்பு நுரைக்கவே இல்லை. தலைக்கு ஷாம்பு போட்ட மகள், அரை மணி நேரம் கழித்து, நார் மாதிரி விறைத்துப்போன முடியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து என்னை முறைத்தாள். குடிக்கக் கேன் தண்ணீர் தனியாக வைத்திருந்தார்கள். ரூம் பையனிடம், அந்தத் தண்ணீரில் ஒரு மக்கு கொடுத்தால் தலையை அலசிக்கொள்வாள் என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு பக்கெட்டில் கொண்டுவந்து வைத்தான். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் கிரேட் காட்டன் ரோட்டிலும் டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலும் கொஞ்சம் நடந்தோம். இரண்டு ரோட்டுக்கும் பெரிய மனிதர்களின் பெயரைப் புதிதாக வைத்து வருடக்கணக்காகிறது, ஆட்டோக்காரர்கள் யாரும் இன்னும் சட்டை செய்யவில்லை. கடைகளின் முகப்பு மாறியிருக்கிறது, நகைக்கடைகள் கூடியிருக்கின்றன. பழைய பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்து அடுக்குமாடியாகக் கட்டிவிட்டார்கள்.

என் ஆபீஸ் பீச் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. முன்புறம் ஆபீஸ், பின்புறம் குடோன். உள்ளே நுழைந்தால் சணல் சாக்கும் மிளகாய் வற்றலும் கலந்த ஒரு வாசனை இருக்கும். காலையில் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லையும் இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியையும் ஃபைலில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கஸ்டம்ஸுக்கும் ஹார்பருக்கும் அலைவதுதான் என் வேலை. ஒரு கையெழுத்துக்காக மதியம் வரை நின்ற நாட்கள் உண்டு. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் போகிறது, கன்டெய்னர் குடோன்கள் ஊருக்கு வெளியே போய்விட்டன. சந்து இருக்கிறது, குடோன் இருந்த இடத்தில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. பெரிய வருத்தமெல்லாம் வரவில்லை. அந்தக் குடோனில் எலித்தொல்லை கொஞ்சநஞ்சமில்லை.

வெள்ளி, ஜூலை 26

இந்தத் தேதியைப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டேன். பனிமய மாதா கோயில் கொடியேற்றம். ஒவ்வொரு வருடமும் ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் திருவிழா முடியும். இந்துக்களும் முஸ்லிம்களும் வந்துபோகிற திருவிழா. நான் வேலை பார்த்த ஆபீஸில் அந்த நாட்களில் பாதிப் பேர் அரை நாள்தான் இருப்பார்கள், முதலாளியும் கண்டுகொள்ள மாட்டார், அவரே கோயில் வாசலில்தான் நிற்பார்.

மாதா சிலை 1555-இல் கடல் வழியாக வந்தது என்பார்கள். இப்போதைய கோயில் 1713-இல் கட்டியது, 1982-இல் பசிலிக்கா ஆனது. தங்கத்தேர் எல்லா வருடமும் ஓடாது, விசேஷமான வருடங்களில்தான். போன வருடம் ஓடியது, இந்த வருடம் இல்லை. அதனால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனால், பீச் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. கொடிமரத்தடிக்குப் பால் குடங்களும் வாழைத்தார்களும் போய்க்கொண்டே இருந்தன. கொடி மேலே ஏறும்போது புறாக்களைப் பறக்கவிட்டார்கள், அதே நேரத்தில் பழைய துறைமுகத்தில் நின்ற இழுவைக் கப்பல்கள் சைரன் கொடுத்தன. எனக்கு இந்தச் சைரன்தான் திருவிழா. ஊருக்குள் எங்கே இருந்தாலும் கேட்கும், கேட்டதும் கொடியேறிவிட்டது என்று தெரிந்துகொள்வோம். மகளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அதை ஒத்துக்கொள்ளாமல் "செம சவுண்டுப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே பழைய துறைமுகம் பக்கம் நடந்தோம். தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வெளியூர்க்காரர்கள் தோணி என்றால் ஆற்றில் போகிற சின்னப் படகு என்று நினைப்பார்கள். இங்கே தோணி என்பது முன்னூறு டன் சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரக்கலம். வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறி, செங்கல், ஜல்லி என்று அந்தத் தீவுகளில் சாப்பிடவும் வீடு கட்டவும் வேண்டியதெல்லாம் இங்கேயிருந்து போயிருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடலுக்குப் போக மாட்டார்கள். இடுக்குகளில் பஞ்சு அடைத்து, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தோணியின் வயிற்றுப் பக்கம் சாரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், உளியால் பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, எண்ணெயில் ஊறிய புதுப் பஞ்சுத் திரியை வைத்து, மரச் சுத்தியலால் ஒரே சீராகத் தட்டித் தட்டி உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு சாண் முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுல அவசரப்பட்டா நடுக்கடல்ல அது நம்மள அவசரப்படுத்தும் தாயி" என்றார் அவர், தலையைத் திருப்பாமலே.

அங்கே நின்றுகொண்டுதான் வ.உ.சி. கதையை மறுபடி ஆரம்பித்தேன், இந்தத் தடவை தூங்க வழியில்லை. 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, அடுத்த வருடமே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில். எதிர்த்து நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் கண்டபடி குறைத்தது. 1908 பிப்ரவரியில் அவர் முன்னின்று நடத்திய கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச்சில் கைது. வெளியே வந்தது 1912 கடைசியில், அதற்குள் கம்பெனி போய்விட்டது, கப்பலும் போய்விட்டது. இன்று பெரிய துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். "லேட்டா வச்சாங்களோ?" என்றாள். 2011-இல் வைத்தார்கள் என்றேன். ஒன்றும் பேசவில்லை.

மதியம் பிரையண்ட் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்கார ஆச்சி இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் கதவைத் தட்டினேன். இருக்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏய்யா, நீயா? எப்பம் வந்த? உள்ள வா, வெளிய நின்னு என்னத்தப் பாக்குத?"

மகளைப் பார்த்ததும் அவரே கண்டுபிடித்துவிட்டார். "இவள இந்த வாசப்படியில வச்சுத்தான குளிப்பாட்டுவேன். ஒரு கொடம் நல்ல தண்ணியில முழுக் குளிப்பும் முடிக்கணும், ஒங்கம்மா அடுத்த கொடத்தத் தொட விடமாட்டா."

உண்மைதான். அந்த வீட்டுக்கு வாடகை பேசும்போது நான் கேட்ட முதல் கேள்வியே தண்ணி வருமா என்பதுதான், வரும் என்று ஆச்சி சொன்னதன் அர்த்தம், வருகிற நாளில் வரும் என்பது. வாசலில் பள்ளம் தோண்டி அதற்குள் குழாய் இருக்கும். தண்ணீர் ஏறுகிற அளவுக்கு அழுத்தம் இல்லாததால் குழாய் கீழே இறங்கி இறங்கிக் குழிக்குள் போயிருந்தது. குனிந்து குடத்தை வைத்து, நிறைந்ததும் இடுப்பில் தூக்கி, உள்ளே அண்டாவில் ஊற்றிவிட்டு ஓடிவர வேண்டும். அது போதாத நாட்களில் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு ஒருவர் வருவார். துணிக்கும் பாத்திரத்துக்கும் போர் தண்ணீர், அதில் துணி துவைத்தால் வெள்ளைச் சட்டை ஒரு மாதத்தில் பழுப்பாகிவிடும். இப்போது பரவாயில்லை என்கிறார் ஆச்சி. குழாய் மேலே வந்துவிட்டது, மோட்டாரும் இருக்கிறது.

வல்லநாட்டில் தாமிரபரணியிலிருந்து இந்த ஊருக்குக் குழாய் போட வைத்தவர் குரூஸ் பர்னாந்து, நகராட்சித் தலைவராக இருந்தவர், 1930-இல் இறந்தார். நூறு வருடமாகப் போகிறது, ஊர்க்காரர்கள் இன்னும் அவரைச் சொந்தத் தாத்தா போலப் பேசுவார்கள். பாலம் கட்டியவரையோ பள்ளிக்கூடம் கட்டியவரையோ இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

ஹாலில் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை. கேட்காமல் இருக்க முடியுமா? போன டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவில் நின்றதை டிவியில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இங்கே கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் வந்துவிட்டது. பக்கிள் ஓடை எவ்வளவுதான் இழுக்கும், கடலும் கொஞ்சம் வாங்க வேண்டாமா?

"நாங்க மாடிக்கு ஏறிட்டோம். கீழ கட்டிலுக்கு மேல தண்ணி நிக்கு. ஆனா குடிக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாத்துக்க. பக்கத்து வீட்டுப் பையன் ரெண்டு கேனத் தலையில வச்சு நீந்தாத கொறையா கொண்டாந்து குடுத்தான்."

ஆச்சி இதைச் சொன்ன விதத்தில் அழுகையெல்லாம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. வீடு முழுக்கத் தண்ணீரை வைத்துக்கொண்டு வாய் நனைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்ததை அவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கிளம்பும்போது கருப்பட்டி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். உடன்குடி கருப்பட்டி. அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை மகள் போனில் தேடிப்பிடித்துச் சொல்ல, "எதுக்குக் குறி? வாயில போட்டாத் தெரியாதா?" என்றார்.

சனி, ஜூலை 27

விடிவதற்கு முன்பே எழுந்து தருவைகுளம் ரோட்டில் உப்பளத்துக்குப் போனோம். என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் இப்போது அங்கே ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. "ஏழு மணிக்கு மேல வந்தா கண்ணு கூசும், அஞ்சரைக்கே வந்திருங்க" என்று சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேரும்போது வேலை பாதி முடிந்திருந்தது. இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கெல்லாம் ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

இந்த ஊரில் இருந்த காலத்தில் உப்பை நான் மூட்டையாகத்தான் பார்த்திருக்கிறேன், பேப்பரில் டன் கணக்காக. பாத்திக்குள் இறங்கிப் பார்த்தது இப்போதுதான். கடல் பக்கத்திலேயே இருந்தாலும் பல அளங்களில் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருகிறது. போர் போட்டால் கடல் தண்ணீரைவிடக் கரிப்பாக வருமாம். அதை மோட்டார் வைத்து முதல் பாத்திக்கு ஏற்றி, அங்கே காயவிட்டு, அடுத்த பாத்திக்குத் திறந்துவிட்டு, இப்படியே தள்ளிக்கொண்டு போகிறார்கள். அண்ணாச்சி பையிலிருந்து, தண்ணீரின் உப்பு அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரை எடுத்து ஒரு குடுவைத் தண்ணீரில் விட்டுக் காட்டினார். கடல் தண்ணீர் 3 டிகிரி சுமாருக்கு இருக்கும், 25 வந்தால்தான் உப்பு விளையும். 29 தாண்டிவிட்டால் மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியேற்றிவிட வேண்டும், விட்டால் உப்பு கசந்துபோகும். "வெயில் இருந்தாப் போதாது தம்பி, இந்தக் காத்து வேணும். காத்து நின்ன நாளு உப்பும் நின்னுக்கிடும்." நேற்று துணியைத் துரத்திக்கொண்டு ஓடியபோது திட்டிய காற்றை இன்று கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன்.

பாத்தியில் கணுக்காலளவு தண்ணீருக்கு அடியில் உப்பு ஓடாகப் படிந்திருக்கிறது. நீளக் கம்பின் முனையில் பலகை வைத்த வாருபலகையால் ஓட்டை நொறுக்கி, தன் பக்கம் இழுத்து, வரப்போரம் சேர்க்கிறார்கள். இழுக்கும்போது கண்ணாடித்தூளைத் தரையில் தேய்க்கிற சத்தம். கொஞ்சம் வடிந்ததும் பெண்கள் அதை அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுகிறார்கள். கொட்டின கையோடு திரும்பி நடக்கிறார்கள், நிற்பதே இல்லை. ஒரு அக்கா காலைத் தூக்கிக் காட்டினார். ரப்பர் ஷூ போட்டிருந்தும் பாதத்தில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. மகள் தன் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"வேண்டாம் பாப்பா, நானும் கொண்டாந்திருக்கேன். கொறச்சுத்தான் குடிப்போம். ஒதுங்க எடமில்லல்லா."

சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை பாத்திதான். மரமில்லை, மறைப்பில்லை, ஒரு கழிப்பறை கட்ட எவ்வளவு ஆகிவிடப் போகிறது? உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டம் என்று நானே எத்தனையோ கடிதங்களில் டைப் அடித்திருக்கிறேன். அந்த உப்பை வாருகிற பெண், வெயிலில் தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறார். மழைக்கால மாதங்களில் வேலை இருக்காது, அப்போது அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது, அது நல்ல காரியம்தான். அதை வைத்துக்கொண்டு மூன்று மாதத்தை எப்படி ஓட்டுவது என்று அந்த அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

டிசம்பர் வெள்ளம் இங்கேயும் புகுந்திருக்கிறது. மேட்டில் குவித்து ஓலை போட்டு மூடியிருந்த உப்பெல்லாம் கரைந்து போனதை அண்ணாச்சி கையை விரித்துக் காட்டினார். பாத்திகளில் சேறு ஏறிவிட்டதால் வழித்து, மிதித்து, தரையைக் கெட்டிப்படுத்தி மறுபடி விளைய வைக்க மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது. ஆச்சி வீட்டில் மழை வேண்டும் என்று மாடியில் டிரம் வைத்திருக்கிறார்கள். இங்கே ஆடி மேகம் கொஞ்சம் கறுத்தால் அண்ணாச்சிக்கு வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆட்டோவில் அரை மணி நேரம்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவர், மகள் ஏதோ கேட்டதற்கு 2018-க்குப் போய்விட்டார். மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிராகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். அந்த மாதமே ஆலையை மூடினார்கள். இந்த பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் மனுவைத் தள்ளிவிட்டது. அவர் அன்று ஊர்வலத்தில் இருந்தாராம். "காத்தையும் தண்ணியையும் கேட்டுத்தான் சார் போனோம்" என்றார், அப்புறம் பேச்சை மாற்றிவிட்டார். வெளியூர்க்காரர்களிடம் இந்த ஊர் இதைத் தானாக எடுப்பதில்லை. மறந்துவிட்டார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

மதியம் நன்றாகத் தூங்கிவிட்டு சாயங்காலம் திரேஸ்புரம். நாட்டுப்படகுகள் வந்துகொண்டிருந்தன. ஏலம் நடக்கிற வேகத்துக்கு எனக்குப் பாதி புரியவில்லை. ஊளி, விளமீன், பாறை, ஒரு கூடை நண்டு. விளமீனை வாங்கிச் சமைக்க இடமில்லாமல் நின்றது கொடுமையாக இருந்தது.

அங்கிருந்து நேரே மக்ரூன். வெளியூரில் இருக்கிற தூத்துக்குடிக்காரர்களுக்கு இதுதான் பாஸ்போர்ட். ஒரு பேக்கரியில் பின்பக்கம் அடுப்பைப் பார்க்க விட்டார்கள். முட்டையின் வெள்ளைக்கருவை நுரை நிற்கிற வரை அடித்து, சர்க்கரை சேர்த்து மறுபடி அடித்து, கடைசியில் முந்திரித்தூளைப் பதமாகக் கலக்கிறார்கள். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் நுரை எழும்பாது. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் மாவை நிரப்பி, தட்டில் குட்டிக் குட்டிக் கோபுரமாகப் பிழிகிறார் ஒருவர், கை நகர்வதே தெரியவில்லை, தட்டு நிறைந்துவிடுகிறது. அப்புறம் தணிந்த சூட்டில் வெகுநேரம். அவசரச் சூட்டில் வைத்தால் வெளியே சிவந்து உள்ளே பிசுபிசுத்துவிடும். இதிலும் தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது, காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே நமுத்துப்போகும். வாங்கினவுடன் டப்பாவை இறுக்கி மூடச் சொன்னார்கள். மகள் தெருமுனை வருவதற்குள் திறந்துவிட்டாள்.

ராத்திரி பரோட்டா. கடை பெயர் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே கூட்டம் தாங்கவில்லை. உள்ளங்கை அளவில், ஓரம் மொறுமொறுவென்று, பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றி, இலை ஓரத்தில் வழிவதற்குள் சாப்பிட வேண்டும். சென்னையில் பரோட்டா சாப்பிட்டுப் பழகியவள் முதல் இரண்டைப் பார்த்துவிட்டு "இவ்வளவு சின்னதா?" என்றாள், அப்புறம் பேச்சே இல்லை.

ஞாயிறு, ஜூலை 28

ராத்திரிதான் ரயில், அதனால் காலையில் முயல் தீவு. பெயர்தான் தீவு. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நாலு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் போட்டதில் கரையோடு சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரே பிரியாணி டப்பாவோடு வந்திருந்தது. அலை கிடையாது, குழந்தைகளைத் தைரியமாக இறக்கலாம். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் கன்டெய்னர் கிரேன்கள், நடுவில் ஈயம் பூசின மாதிரி கடல். அழகான கடற்கரை என்று யாரும் போஸ்டர் போட மாட்டார்கள். எனக்குப் பிடிக்கும், இது வேலை பார்க்கிற கடல்.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வான் தீவைக் கை காட்டினார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்று. முன்பு வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் தீவு வருடா வருடம் கரைந்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயே போய்விட்டன. வான் தீவைச் சுற்றி இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். தேறி வருகிறது என்றார். இந்த ஊரில் பழைய வீடுகளை இடிக்கும்போது சுவருக்குள் பவளக்கல் வரும், நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எந்தத் தீவின் துண்டு என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மதியம் ஆச்சி போன் பண்ணிச் சாப்பிட வரச் சொன்னார். விளமீன் குழம்பு. நான் திரேஸ்புரத்தில் வாங்க முடியாமல் விட்ட கதையை மகள் எப்போது அவரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, இரண்டு பேரும் நேற்றிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். கை கழுவப் போனபோது பழக்கத்தில் அண்டாவைத் தேடினேன், அந்த மூலையில் இப்போது சுத்திகரிப்பு மெஷின் மாட்டியிருக்கிறது.

மக்ரூன் மூன்று டப்பா, கருப்பட்டி, ஒரு கிலோ கல்லுப்பு எல்லாம் பையில் இருக்கிறது. கல்லுப்பு சென்னையில் கிடைக்காதா என்று மனைவி கேட்பாள், கேட்கட்டும். ஏசி கோச்சில் எதிர் சீட்டுக்காரரும் மூன்று டப்பா வைத்திருக்கிறார், வேறு பேக்கரி, அதுதான் ஒரிஜினல் என்று ஆரம்பித்திருக்கிறார். கொஞ்சம் விவாதம் பண்ணிவிட்டுத் தூங்க வேண்டும். போட்டோக்கள் மகள் போனில் இருக்கின்றன, அவள் அனுப்பினால் போடுகிறேன்.